கொப்பி அலுமாரியில்தான் இருக்கிறது

அன்புள்ள தம்பி,

நேற்று நீ போனில் சொன்னது மனதில் கிடந்து உறுத்துகிறது. முன்பு ஏதாவது வருத்தம் வந்ததா என்று டொரொன்டோவில் புது டொக்டர் கேட்டதற்கு, 2017இல் வந்த டெங்குவை மட்டும் சொன்னாயாம். கழுத்தில் வந்த புற்றுக் கட்டியை விட்டுவிட்டாய். பிழை என்னுடையது. கலியாணப் பேச்சு கெட்டுவிடும், ஒருவரிடமும் வாய் திறக்காதே என்று உன்னைப் பழக்கினவள் நான்தானே.

அந்த வருடம் கிண்ணியாவிலும் இங்கேயும் டெங்கு ஆடின ஆட்டத்தில் உன் பிளேட்லெட் குறைய, நான் கோணேசரிடம் வைக்காத நேர்த்தி இல்லை. ஆனால் டெங்கு லுக்கேமியாவாக, அதாவது இரத்தப் புற்றுநோயாக, மாறுகிற காய்ச்சல் இல்லை. டொக்டர் அறிய வேண்டியது 2015இல் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் உனக்கு ஏற்றின மருந்தையும், கழுத்துக்குக் கரண்ட் என்கிற கதிர்வீச்சுப் பிடித்ததையும்.

சிவப்பு மருந்து ஏற்றின அன்று மூத்திரம் சிவப்பாய்ப் போக, இரத்தம் என்று அலறினாயே, அதுதான் டொக்சோருபிசின். இப்படியான மருந்துகள் புற்றைக் கொல்லும்போது, என்பு மச்சையில் இரத்தம் உண்டாக்கும் நல்ல கலங்களின் மரபணுவையும் சில வேளை காயப்படுத்தும். மிகச் சிலருக்கு அதிலிருந்து லுக்கேமியா வரலாம். சிவப்பு மருந்து மாதிரியானவற்றுக்கு அனேகமாக ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள். வேறு சில மருந்துகளுக்கும் கரண்டுக்கும் ஐந்திலிருந்து பத்து வருடம்கூட எடுக்கும்.

உன்னைப் பயப்படுத்த எழுதவில்லை. பெரும்பாலானோருக்கு ஒன்றும் வராது. அந்த மருந்து இல்லாவிட்டால் நீ இன்று அங்கே பனி அள்ளிக்கொண்டு நிற்க மாட்டாய். ஆனால் காரணமில்லாத களைப்பு, விட்டுவிட்டுக் காய்ச்சல், பல் முரசில் இரத்தம், அடிபடாமலே கண்டல் என்று போனால், பழைய கதை தெரிந்த டொக்டர் உடனே இரத்த எண்ணிக்கை பார்ப்பார். தெரியாதவர் பனடோல் தந்து அனுப்பிவிடலாம். அப்புறம், சிகரெட்டும் லுக்கேமியாவுக்குக் காரணங்களில் ஒன்று. உன் ஜக்கெற் மணத்தது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இரவு ரயிலில் மழைத் தண்ணீர் பட்ட பக்கத்தில் ஒரு மருந்தின் பெயர் கலங்கிப்போயிருக்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதை வேறு தாளில் பெரிய எழுத்தில் எழுதுகிறார்.

அம்மா
உப்புவெளி