பெட்டியை எறியாதீர்கள்: வன்னியின் பாமசிக்காரருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பாமசி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பிரஷர். பல வருடமாக வெள்ளைக் குளிசைதான். ஒருமுறை மஞ்சளில் தந்தார்கள். "கொம்பனி வேறை, மருந்து ஒண்டுதான்" என்றார்கள். மருந்து ஒன்றுதான், அதில் பொய்யில்லை. ஆனால் நாலாம் நாள் கழுத்திலும் கையிலும் தடிப்பு. குளிசையை எறியப் போன அம்மாவை மறித்துக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கொம்பனி?"

எங்களிடம் இருந்தது ஒரு கடதாசி உறை. அதில் மருந்தின் பெயர், "காலை 1". குளிசைக் காட்டை (அட்டையை) கத்தரிக்கோலால் வெட்டியபோது கொம்பனிப் பெயரும் காலாவதித் திகதியும் கடையிலேயே நின்றுவிட்டன. திரும்பிப் போய்க் கேட்டால் பெட்டி குப்பைக்குப் போய்விட்டதாம். கொம்பனியின் பெயரை மட்டும் சொன்னார்கள். இன்னொரு கடையில் அதே கொம்பனியின் முழுக் காட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், நிறம் டார்ட்ரசின். சிலருக்கு ஒவ்வாத 102ஆம் எண் மஞ்சள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. டொக்டர் வெள்ளைக்கு மாற்றினார், தடிப்பு அடங்கியது.

குளிசையில் மருந்து கொஞ்சம்தான். 50 மைக்குரோகிராம் தைரொயிட் குளிசையில் இருக்கும் மருந்து ஒரு கல்லுப்பு அளவுகூட வராது. மிச்சமெல்லாம் லக்டோஸ், மாப்பொருள், மக்னீசியம் ஸ்டியரேட் போன்ற நிரப்பிகள். கொம்பனிக்குக் கொம்பனி இவை மாறும். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லக்டோஸ் முக்கியம். கப்சியூல் கூடு ஜெலற்றினா, அது மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா என்பது முஸ்லிம் சகோதரருக்கும் சைவச் சாப்பாட்டுக்காரருக்கும் முக்கியம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பரசிற்றமோல் சிலவற்றில் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் அளவு சோடியம் உண்டு. நாளுக்கு எட்டுப் போட்டால் 3 கிராம் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 2 கிராமுக்குள். பிரஷர்காரர் இதை எங்கே போய் அறிவது?

டொக்டர்மார் கொம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே அதற்காக நின்றவர். எங்களைப் போன்றவர்களுக்கு மருந்து கட்டுப்படியாவது அதனால்தான். ஆனால் பொதுப்பெயர் நிரப்பிகளைச் சொல்லாது. இந்தியக் காட்டுகள் பலவற்றிலும் நிறத்தின் பெயரோடு சரி, மற்றதற்குத் "தேவையான அளவு" என்று முடித்துவிடுவார்கள். முழு விபரம் இருந்தால் அது பெட்டிக்குள் மடித்த தாளில்தான் இருக்கும். ஆங்கிலத்தில்தான், ஆனாலும் பரவாயில்லை, போனில் பெருப்பித்துப் பார்த்துக்கொள்கிறோம்.

கேட்பது பெரிதில்லை. உறையில் கொம்பனிப் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெட்டிக் குளிசை முடியும்வரை தாளை வைத்திருங்கள், கேட்டால் படமெடுக்க விடுங்கள். சனம் நெருக்குப்படும் காலை நேரத்தில் இது கரைச்சல்தான், தெரியும். கூட்டம் குறைந்த பிறகு வருகிறோம்.

அம்மாவின் அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. அன்று மத்தியானம் உங்களில் ஒருவரிடம்தான் மருந்துத் துண்டோடு நிற்போம்.