வைக்கோல் கணக்கு

அன்பு மகளுக்கு,

நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பு பற்றிய உன் கட்டுரை வரைவைப் படித்தேன். 'ரஷ்யக் குளிர் நெப்போலியனைத் தோற்கடித்தது' என்ற வரியை மட்டும் எடுத்துவிடு கண்ணு. குளிர் வந்து சேர்ந்தபோது அந்தப் படையில் பாதிகூட மிச்சமில்லை.

தேதிகளைப் பார். 1812 ஜூன் 24 அன்று ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கினார்கள். படை வழிநெடுகக் குறைந்ததைக் காட்டி பிரெஞ்சுப் பொறியாளர் மினார் பின்னாளில் வரைந்த புகழ்பெற்ற வரைபடத்தில் அப்போது 4,22,000 பேர். செப்டம்பரில் மாஸ்கோவில் 1,00,000. வழிக்காவலுக்கும் பக்கவாட்டுக்கும் பிரித்து நிறுத்தியவர்களைக் கழித்தாலும் இழப்பு மிகப் பெரிது. மாஸ்கோவுக்கு முன் நடந்த போரோடினோ சண்டை அதில் ஒரு பங்குதான். மற்றது பசி, வயிற்றுப்போக்கு, பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல், ஓடிப்போனவர்கள். கடும் பனி நவம்பரில்தான்.

ஒரு வண்டியை வைத்துக் கணக்குப் போடுவோம். சுமை 1,000 கிலோ, இழுக்க நாலு குதிரை. குதிரைக்கு நாளைக்கு 10 கிலோ தீவனம் என்றால் நாலுக்கும் 40. ஓட்டம் நாளைக்கு 20 கிலோமீட்டர். பன்னிரண்டரை நாள் போய், அதே அளவு திரும்பி வந்தால், ஏற்றிய அவ்வளவையும் இழுத்த குதிரைகளே தின்றிருக்கும். 250 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மூட்டைகூடப் போய்ச் சேராது. நேமனிலிருந்து மாஸ்கோவுக்கோ ஏறத்தாழ 900 கிலோமீட்டர். நடுவில் கிடங்கு வைக்கலாமே என்பாய். அதை நிரப்பவும் இதே வண்டிதான் வரவேண்டும்.

நெப்போலியனுக்கு இது தெரியாததல்ல. வழியில் புல் முளைக்கட்டும் என்றுதான் ஜூன் வரை காத்திருந்தார். ஆனால் முற்றாத பச்சை ரை தானியப் பயிரை மேய்ந்த குதிரைகளுக்கு வயிறு உப்பியது. மேலே கொட்டும் மழை. தொடக்க நாட்களிலேயே சுமார் 10,000 குதிரைகள் செத்தன. குதிரை விழுந்தால் மாவு வண்டியும் பீரங்கியும் அங்கேயே நிற்கும்.

போர் அறம் பற்றிய உன் பகுதி இங்கேதான் தொடங்க வேண்டும். நீ அதைக் கொள்ளையடித்த சிப்பாயிடமிருந்து தொடங்குகிறாய். கொள்ளையடிக்காதே என்று ஆணை இருந்தது உண்மை. ஆனால் மாவு வராத தூரத்துக்குப் படையை நடத்தியவர், வழியிலிருந்த குடியானவனின் களஞ்சியத்தை அப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டார். ரஷ்யத் தரப்பையும் விடாதே. பின்வாங்கும்போது அவர்கள் எரித்த தானியம் சொந்த ஜனங்களுடையது.

மாஸ்கோவிலிருந்து நெப்போலியன் படை பின்வாங்கியதற்கு நீ நாலு பக்கம் ஒதுக்கியது அதிகம். இரண்டு விஷயம் போதும். அக்டோபர் 24 அன்று மாஸ்கோவுக்குத் தென்மேற்கே உள்ள மலோயரோஸ்லாவெட்ஸ் ஊரில் ரஷ்யர்கள் மறித்த பிறகு, தெற்கு வழியை விட்டு, வரும்போது தின்று தீர்த்த அதே பாதைக்குத் திரும்பினார்கள். அடுத்தது லாடம். பனிக்கட்டியில் வழுக்காத முனை வைத்த லாடம் பெரும்பாலான குதிரைகளுக்கு இல்லை. நெப்போலியனின் குதிரைப் பொறுப்பாளர் கோலான்கூர் மட்டும் அரண்மனைக் குதிரைகளுக்கு முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். மற்றவை சின்ன மேட்டில்கூட ஏற முடியாமல் சரிந்தன.

திருத்தியதும் அனுப்பு. வண்டிக் கணக்கை அட்டவணையாகப் போடாதே, வாக்கியமாகவே எழுது.

அப்பா