நல்லதங்காள் கதை பேய்க்கதை இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல வர்ற கிராமத்துக் கதைகள் தொடரை விடாம படிக்கிறேன், நல்லாத்தான் போகுது, ஆனா வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்துக்கு வந்ததும் 'திகில் கிணறு'ன்னு தலைப்பு வச்சு முடிச்சிட்டீங்களே, அது மனசுக்கு ஒப்பல. ராத்திரி அழுகைச் சத்தம் அது இதுன்னு அரைப் பக்கம், நல்லதங்காள் ஏன் ஏழு புள்ளைங்களோட அண்ணன் வீட்டுக்கு வந்தாங்கறதுக்கு ரெண்டே வரி.

அந்தக் கதையோட உயிரே பஞ்சம்தான் சார். மானாமதுரைல வாக்கப்பட்ட பொண்ணு, மழை பொய்ச்சு, புள்ளைங்க பசி தாங்காம பொறந்த வீட்டுக்கு வர்றா. அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கான், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துறா, அப்புறம் உளுத்த தானியம், ஓட்டைப் பானை, எரியாத பச்சை வாழைமட்டை இதைக் குடுத்து பொங்கித் தின்னுங்கறா. இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருந்தா கூட தேவல, குடுத்த மாதிரியும் இருக்கணும் புள்ளைங்க வயித்துக்குள்ள போகவும் கூடாது! பசியோட சொந்தக்காரங்க வாசல்ல நின்ன ஜனங்கதான் இதைப் பாட்டுல சேத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்களே, அதைப் பாத்துட்டு உயிரோட மிஞ்சின பொம்பளைங்க இந்தப் பாட்டைக் கேட்டப்போ அவங்களுக்கு இது வெறும் கதையாவா இருந்திருக்கும்?

முடிவும் எல்லா எடத்துலயும் ஒண்ணு கிடையாது. சிலர் அவ புள்ளைங்களைக் கிணத்துல போட்டுட்டு தானும் குதிச்சதோட நிறுத்திடுவாங்க, சிலர் தங்கச்சி போன துக்கத்துல அண்ணனும் உயிரை விட்டதைச் சொல்லுவாங்க, இன்னும் சிலர் சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் எழுப்புனதா பாடுவாங்க (கேக்குறவங்க தாங்க முடியாம கேட்டு வாங்குன முடிவோ என்னவோ). அர்ச்சுனாபுரத்துல அவளுக்குக் கோவிலே இருக்கு, சாமியா கும்பிடுறாங்க. கும்பிடுற சாமியப் போய் பேயாக்கிட்டீங்க.

ஒண்ணு செய்யலாமே. உங்க ஊர்ல இந்தக் கதை எப்படி முடியும், யார் வாயால கேட்டீங்க, ஒப்பாரியா வில்லுப்பாட்டா கூத்தான்னு வாசகர்கள்கிட்டயே கேளுங்க. வர்றதைத் திருத்தாம அந்தந்த ஊர் பேரைப் போட்டு அப்படியே அச்சடிங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலேன்னாலும் பரவால்ல. பாடத் தெரிஞ்ச பாட்டிங்க இன்னும் கொஞ்சம் பேராவது இருக்காங்க, அதனால சீக்கிரமா கேளுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்