நெக்ஸ்ட்ஸ்டெப்பை நாலு வரியில் முடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டீவ் ஜாப்ஸ் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1985-ல் ஆப்பிளை விட்டு வெளியேறினார், நெக்ஸ்ட் என்ற கம்பெனி தொடங்கினார், கணினி விற்கவில்லை, ஆப்பிளுக்கே திரும்பினார் என்று பத்து வருடத்துக்கு மேலான கதையை நாலு வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். விற்கவில்லை என்பது உண்மைதான், 6,500 டாலர் விலை, அதில் ஃபிளாப்பி டிரைவ்கூடக் கிடையாது, யார் வாங்குவார்கள்? ஆனால் அந்தக் கறுப்புப் பெட்டியில் ஓடிய நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருக்க வேண்டாமா?

அதன் அடித்தளத்தில் பிஎஸ்டி யூனிக்ஸ் என்ற இயங்குதளமும், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் என்ற கெர்னலும், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியும் இருந்தன. அந்தக் கெர்னலில் வேலை செய்த ஆவி டெவானியனே நெக்ஸ்டுக்கு வந்து சேர்ந்தார். திரையில் எழுத்தையும் படத்தையும் வரைந்தது லேசர் பிரிண்டர்கள் பயன்படுத்தும் அதே போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வடிவமைப்பு மொழி, அதனால் திரையில் பார்ப்பதுதான் தாளிலும் வரும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது, மென்பொருளின் திரைத் தோற்றத்தை அமைக்க உதவும் இன்டர்ஃபேஸ் பில்டர் என்ற கருவி. ழான்-மரி உல்லோ என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. ஒரு பட்டனைத் திரையில் வைக்க மற்ற இடங்களில் பக்கம் பக்கமாக நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இதில் பட்டனை மவுஸால் இழுத்து வைத்து, அதை அழுத்தினால் நிரலின் எந்தப் பகுதி (ஆப்ஜெக்ட்) வேலை செய்ய வேண்டுமோ அதுவரை ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், இணைப்பு முடிந்தது, மிச்சத்தை ஆப்ஜெக்டிவ்-சி என்ற நிரல் மொழியில் எழுதிக்கொள்ளலாம். 1990-ல் செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை உலாவியை எழுதியது நெக்ஸ்ட் கணினியில்தான். வேறு கணினியில் ஒரு வருடம் ஆகியிருக்கும் வேலை இதில் இரண்டு மாதத்தில் முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்புறம், ஆப்பிள் தன் சொந்தப் புதிய இயங்குதளமான கோப்லாண்டை 1996-ல் கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நெக்ஸ்டை வாங்குவதாக அறிவித்தது. 2001-ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் நெக்ஸ்ட்ஸ்டெப்பின் வழிவந்ததுதான், பிறகு வந்த ஐபோனுக்கும் அடித்தளம் அதுவே. அப்படியிருக்க, அந்த வருடங்களைத் தோல்வி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜாப்ஸைப் பற்றித் தமிழில் நிறையவே வந்துவிட்டது. உல்லோ, டெவானியன் பற்றியும் அவர்கள் செய்த வேலையைப் பற்றியும் அதே இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி