உறுதியாகும் வரை காத்திராதவர்களுக்கு

அன்புடையீர்,

ரத்தப் புற்றுநோய்க்கான என் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. நோயின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனையின் போன வார முடிவிலும் "கண்டறியப்படவில்லை" என்றே இருந்தது. புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. இருந்தும் ஒரே ஒரு சொல்லை இத்தனை தடவை திருப்பித் திருப்பி நான் படித்ததில்லை. இனியும் இந்த மடலைத் தள்ளிப்போட்டால் அதற்குப் பெயர் சோம்பல்தான்.

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈறில் ரத்தம் கசிந்தபோது பிரஷை மாற்றினேன். இரண்டு வாரத்தில் இரண்டு பிரஷ். தொடையில் நீலம் பாரித்தபோது மேசை முனையில் இடித்திருப்பேன் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மூக்கில் ரத்தம் நிற்காமல் போன ராத்திரியில்தான் தங்கை என் பேச்சைக் கேட்காமல் அவசரப் பிரிவுக்கு இழுத்துப்போனாள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் 14,000. வெள்ளையணு 1,200. இரண்டுமே மிகக் குறைவு.

இரவுப் பணியில் இருந்த ஆய்வகத் தம்பிக்கு: மெஷின் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டது. ஏதோ வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று காலைவரை வைத்திருந்தாலும் உங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் ஒரு சொட்டை ஸ்லைடில் தீற்றி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தீர்கள். வெள்ளையணுவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த அந்த ஸ்லைடின் ஓரத்தில் ஒரு செல். அதன் உள்ளே மெல்லிய குச்சிகள், விறகுக்கட்டு போலக் குவிந்து கிடந்தனவாம். உடனே டியூட்டி டாக்டரை போனில் கூப்பிட்டீர்கள். அப்போது மணி 2.10 என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா, நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஜீன் ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். நான் நினைக்கிறதா இருந்தா, அவ்வளவு நேரம் நமக்குக் கிடையாது. மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிடறேன். அது இல்லைன்னு வந்தா நிறுத்திக்கலாம்." பெரிய டாக்டரை எழுப்பிக் கேட்டு, பூட்டிக்கிடந்த மருந்தகத்தைத் திறக்க வைத்து, விடிவதற்குள் முதல் கேப்சூலை என் கையில் வைத்தீர்கள். என் நோயின் பெயர் ஏ.பி.எல்., அதாவது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். முதல் சில நாட்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து ஆளைக் கொண்டுபோய்விடக் கூடியது. உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் ரொம்ப நாள் கூகுளில் தேடவில்லை. தேடிய அன்று தூங்கவில்லை.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஆர்.ஏ.ஆர்.ஏ. என்று ஒரு மரபணு, 17ஆம் குரோமோசோமில் இருப்பது. எனக்குப் புரியவைக்க மூத்த மருத்துவர் அரை மணி நேரம் செலவிட்டார். என் தொழில் மொழியில் அதை மாற்றிக்கொண்டேன். எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். எந்தப் பக்கத்தைப் படியெடுப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் ஒரு செல் ரத்தமாகவும் இன்னொன்று தோலாகவும் ஆகிறது. ஆர்.ஏ.ஆர்.ஏ. தரும் புரதம் டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து அந்தப் படியெடுப்பைக் கட்டுப்படுத்துகிற ஆட்களில் ஒருவர். வைட்டமின் ஏ-யிலிருந்து உடம்பு தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டினால் "எடுக்கலாம்" என்பார். வராவிட்டால் பக்கத்தை மூடிப் பிடித்துக்கொள்வார். இளம் வெள்ளையணு முதிர்வதற்கான பக்கங்கள் பல அவர் கையில்.

என் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 17ஆம் குரோமோசோம் இந்த மரபணுவின் நடுவிலேயே முறிந்து, 15ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.எம்.எல். என்ற மரபணுவோடு ஒட்டிக்கொண்டது. பைண்டிங்கில் பாரம், அதாவது சேர்த்து மடித்த பக்கக் கட்டு, மாறிப்போவது போல. அப்படி மாறிப்போன புத்தகத்தில் ஒவ்வொரு எழுத்தும் சரியாகத்தான் இருக்கும், எந்த மெய்ப்புத் திருத்துநராலும் வரி வரியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து உருவான கலப்புப் புரதம் பக்கத்தை இறுக்கி மூடிக்கொண்டது. வழக்கமான அளவு ரெட்டினாயிக் அமிலத்துக்கு அது அசையவில்லை. செல்கள் பாதி வளர்ந்த நிலையிலேயே நின்று பெருகின. ரத்தம் உறையும் ஒழுங்கையும் குலைத்தன. முதல் இரவு தந்த அந்தக் கேப்சூலில் இருந்தது அதே அமிலம்தான்; மருந்தாகத் தரும் பெரிய அளவில் அது போனபோதுதான் பிடி தளர்ந்தது. அந்தச் செல்கள் முதிர்ந்தன; முதிர்ந்த வெள்ளையணு தன் ஆயுள் முடிந்து தானே போய்விடுகிறது. (இதைக் கேட்டுவிட்டு வைட்டமின் ஏ மாத்திரையைப் பாட்டிலோடு வாங்கி வந்த உறவினருக்கும் நன்றி. ஆனால் அது வேறு, இது வேறு.)

"பரம்பரையா வருமா?" என்று கவலையோடு கேட்டவர்களுக்கு ஒரே வரி: வராது. இது பிறந்த பிறகு ஒரு செல்லில் நேர்ந்த முறிவு.

பிளேட்லெட் கொடுத்தவர்களே, உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. பையில் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது. பிளேட்லெட்டை வழக்கமாகக் குளிர்பெட்டியில் வைப்பதில்லையாம்; அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும். அப்படியானால் எனக்கு ஏறிய ஒவ்வொரு பையும், அந்த வாரத்தில் யாரோ ஒருவர் கையில் ஊசியோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து கொடுத்தது. நான் எண்ணினேன், 23 பைகள்.

வார்டு சிஸ்டர் அக்காவுக்குத் தனியாக ஒரு பத்தி. தினமும் காலை 6 மணிக்கு எடை பார்க்கக் கூப்பிடுவீர்கள், நான் முனகுவேன். பதினோராம் நாள் எடை முந்தின நாளைவிட ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. நான் உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். நீங்கள் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினீர்கள். குழி விழுந்து, மேலேறி வரவில்லை. "மூச்சு வாங்குதா?" என்றீர்கள். கொஞ்சம், என்றேன். நீங்கள் அதற்குள் போனை எடுத்துவிட்டீர்கள். செல்கள் மொத்தமாக முதிரும்போது வரக்கூடிய டிஃபரன்சியேஷன் சிண்ட்ரோம். நுரையீரலில் நீர் கோத்துவிடும். மறு ஸ்கேனுக்குக் காத்திராமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஏறியது. இரண்டு நாளில் கால் பழையபடி ஆனது. அதற்குப் பிறகு 6 மணிக்கு நான் முனகவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

கேப்சூலோடு சேர்த்து தினமும் 2 மணி நேரம் ட்ரிப் ஏறியதே, அது ஆர்சனிக். வெள்ளைப் பாஷாணம் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். பெயரைக் கேட்டதும் அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அது கலப்புப் புரதத்தின் பி.எம்.எல். பகுதியைப் பிடித்துக்கொண்டு, புரதத்தையே சிதைத்துவிடுகிறது. இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்பதால் இ.சி.ஜி., பொட்டாசியம், மக்னீசியம் என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு வந்த எட்டு மாதமும் 4 வாரம் ட்ரிப், 4 வாரம் ஓய்வு. மாத்திரை எந்த வாரம், ட்ரிப் எந்த வாரம் என்று தங்கை சுவரில் ஒட்டிய அட்டவணையை இன்னும் கிழிக்கவில்லை. தலைவலி வந்த நாளுக்குப் பச்சை, உதடு வெடித்த நாளுக்குச் சிவப்பு என்று பேனா மாற்றியிருக்கிறாள். இவளுக்கு நன்றி சொன்னால் அடிப்பாள், எழுதிவிட்டேன்.

நேரில் சொல்ல வாய்ப்பே இல்லாதவர்கள் சிலர். 1957இல் நார்வேயில் மூன்று நோயாளிகளை வைத்து இந்த நோயைத் தனியாக அடையாளம் காட்டிய ஹில்லஸ்டாட். 15க்கும் 17க்கும் நடந்த இடமாற்றத்தை 1977இல் சொன்ன ஜேனட் ரௌலி. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து அடுக்கிப் பார்ப்பாராம், பிள்ளைகள் காகிதப் பொம்மை விளையாட்டு என்று கேலி செய்வார்களாம். அந்த மேசை மேல் எனக்குத் தனிப் பிரியம். ஷாங்காயில் வாங் ஜென்யீயின் குழு 1988இல் 24 பேருக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து 24 பேரும் நோய் தணிந்ததைப் பதிவு செய்தது. எந்த மரபணு முறிந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் பிடிபட்டது. ஹார்பினில் ஜாங் டிங்டோங் 1970களிலேயே ஆர்சனிக்கைக் கையில் எடுத்தவர். இத்தாலியின் லோ-கோகோ 2013இல் வெளியிட்ட ஆய்வில், என்னைப் போல வெள்ளையணு எண்ணிக்கை மிக அதிகமாக இல்லாதவர்களுக்கு இந்த இரண்டு மருந்தை மட்டும் கொடுத்தபோது, 2 ஆண்டு முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள்; பழைய கீமோ வழியில் 86. எனக்கு முடி கொட்டாததன் காரணம் அந்த ஆய்வு. அதில் பெயர் கொடுத்துச் சேர்ந்த நோயாளிகளுக்கும் இந்த மடல் சேரட்டும்.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று ஆய்வகத் தம்பியைப் பார்த்தேன். அலமாரியிலிருந்து பழைய ஸ்லைடை எடுத்து வந்து காட்டினார். ஊதா நிறத்தில் ஒரு செல், உள்ளே அந்த விறகுக்கட்டு. பிறகு அன்று எடுத்த ஸ்லைடை வைத்தார். ரொம்ப நேரம் தேடினேன்.

"இதுல ஒண்ணும் இல்லையே தம்பி."

"ஆமா" என்று சிரித்துவிட்டு, அடுத்தவர் ஸ்லைடை எடுத்து வைத்தார்.