வற்றாத ஏரியின் மீன் கணக்கு

மினசோட்டா, அமெரிக்கா,
சித்திரை முதல் வாரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மருமகளும் பிள்ளையும் நலமாக இருக்கிறோம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை தண்ணீரில் மீன் எவ்வளவு கிடக்கும், மீன் பிடிக்கும் குத்தகை, அந்த மீன்பாசி ஏலம், எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டீர்கள். தொலைபேசியில் நான் தடுமாறியதைக் கேட்டு நீங்கள் சிரித்ததும் நியாயம்தான். இருபது ஆண்டுகளாக நம்மூர்க் கண்மாயைக் குத்தகைக்கு எடுப்பவரின் வீட்டில் வளர்ந்தவன், மூன்று ஆண்டுகளாக ஒரு ஏரிக்கரையில் குடியிருந்தும் அதில் என்ன மீன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கேள்விக்கு இங்கே ஒற்றை வரியில் பதில் சொல்ல வழியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஏலத்தை முடித்துவிடுகிறேன். இங்கே ஏலமே கிடையாது. நீரும் மீனும் மாநிலத்துக்குச் சொந்தம். பதினாறு வயது ஆனவர் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு எந்தப் பொது நீர்த்துறையிலும் இறங்கித் தூண்டில் போடலாம். நான் வாங்கியபோது ஆண்டுக்கு 25 டாலர். கோடையில் ஓர் ஆளுக்கு ஒரு தூண்டில்தான். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டு வந்து சமைக்கலாம், விற்கக் கூடாது. விற்கக் கூடாது என்ற அந்த ஒரு விதியைக் கேட்டதும் உங்கள் ஆர்வம் பாதியாகக் குறைந்திருக்கும். மீதிப் பாதிக்காகத் தொடர்கிறேன்.

இந்த ஏரி ஏறக்குறைய அறுபது ஏக்கர். நம் கண்மாய் நிறைந்து கலுங்கில் மிகுநீர் வழியும்போது இதைவிடப் பெரியது. பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரிகளை மட்டும் எண்ணினால் இந்த மாநிலத்தில் 11,842 என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இதற்கு ஊரைத் தாண்டினால் பெயர்கூடத் தெரியாது. ஆழமான இடத்தில் மூன்றரை ஆள் ஆழம். மடையில்லை, கலுங்கில்லை, பாசன வயலும் இல்லை. எந்தக் கோடையிலும் இது வற்றுவதில்லை. இந்த வற்றாமைதான், சித்தப்பா, எல்லாச் சிக்கலுக்கும் காரணம்.

பங்குனியிலோ சித்திரையிலோ தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் நீங்கள் குத்தகை மீனை வலை போட்டு எடுத்துவிடுகிறீர்கள். பிறகு கரையில் நின்று பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்று வட்டாரமே ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கிக் குழப்புகிறது. அன்று மாலைக்குள் கண்மாயில் கட்லா எத்தனை, விரால் எத்தனை, கெளுத்தி எத்தனை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை கண்மாய் தன் கணக்கைத் தானே ஒப்புவித்துவிடுகிறது. இந்த ஏரியோ, பனிக்காலப் பாளங்கள் நிலத்தைச் செதுக்கிவிட்டுப் பின்வாங்கிய நாளிலிருந்து ஒரு முறையும் யாருக்கும் கணக்குக் காட்டியதில்லை. அதன் அடித்தரையைப் பார்த்தவர் இல்லை. ஆகவே இங்கே எல்லாம் மதிப்பீடுதான்.

அந்த மதிப்பீட்டை எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சென்ற ஆடியில் கிட்ட இருந்து பார்த்தேன். மாநில இயற்கை வளத் துறையிலிருந்து படகில் வந்தார்கள். 250 அடி நீளம், ஆறடி உயரம் உள்ள, மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும் செவுள் வலை. அதில் ஐம்பது அடிக்கு ஒன்றாக ஐந்து விதக் கண்ணிகள், முக்கால் அங்குலத்தில் தொடங்கி இரண்டு அங்குலம் வரை. ஒரே கண்ணியில் வலை போட்டால் ஒரே பருமன் மீன்தானே விழும், அதைத் தவிர்க்க இந்த ஏற்பாடு. கரையோர மீன்களுக்கு வேறொன்று வைத்தார்கள்: கரையிலிருந்து நேராக நீருக்குள் ஒரு வேலி வலை, அதன் முனையில் வளையம் வளையமாக ஒரு கூண்டு. பார்த்ததும் நம் வாய்க்காலில் வைக்கும் பரி என்ற மீன்பொறி நினைவுக்கு வந்தது. அளவுதான் பெரிது, தந்திரம் அதேதான். இரவு முழுவதும் கிடந்த வலைகளை மறுநாள் காலையில் தூக்கி, ஒவ்வொரு மீனையும் நீளம் அளந்து, எடை போட்டு, சிலவற்றில் செதில் எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் மீன் வளராமல் நிற்பதால் மரத்தின் வளையம்போலச் செதிலில் கோடு விழுகிறது, அதை எண்ணினால் வயது தெரியும். உங்களுக்கு இது வேண்டியதில்லை. குஞ்சு விட்ட தேதி உங்கள் நோட்டில் இருக்கிறது.

பிறகு ஒரு வலைக்குச் சராசரி எத்தனை மீன் என்று வகுத்து, அதே ஆழமும் பரப்பும் தன்மையும் உள்ள மற்ற ஏரிகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். முடிவில் கிடைப்பது, இந்த மீன் இங்கே வழக்கத்தைவிடக் கூடுதல், அந்த மீன் குறைவு என்ற ஒப்பீடு மட்டுமே; மொத்தம் எத்தனை என்பது அல்ல. இதையும் ஒரு கணக்கு என்று நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நானும் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

கூண்டுகளில் நிறைந்து வந்தது புளூகில் என்ற மீன். நம் ஜிலேபியைப் போல அகலமாக, தட்டையாக இருக்கும். செவுள் மூடியின் நுனியில் ஒரு கரும்பொட்டு. அள்ள அள்ள வந்ததைப் பார்த்து, ஏரி செழித்திருக்கிறது என்று அங்கே நின்றவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அத்தனையும் ஐந்தங்குலத்துக்குள். ஏழு, எட்டு அங்குல மீன் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கூட்டம் பெருத்து ஆள் சிறுத்துப்போன ஏரி இது என்றார்.

ஒரு வருடம் நீங்கள் ஆசைப்பட்டு இரட்டிப்புக் குஞ்சு விட்டு, கட்லாவெல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுபோய், வந்த வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாரே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே இரை பற்றாமை மட்டும் காரணம் இல்லையாம். புளூகில் ஆண்கள் கோடைத் தொடக்கத்தில் கரையோர மணலில் வாலால் குழி பறித்து, பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்புப்போல அமைத்து, முட்டைகளைக் காவல் காக்கின்றன. நல்ல இடத்தைப் பெரிய ஆண்கள் பிடித்துக்கொள்வதால் சின்ன ஆண்கள் காத்திருந்து, உடம்பை வளர்த்துக்கொண்ட பிறகுதான் குடும்பத்துக்கு வரும். தூண்டில்காரர்கள் குழிக்காவலில் நிற்கும் பெரியவற்றையே தேடித் தேடி எடுத்துவிட்டால், போட்டிக்கு ஆள் இல்லாத சின்ன ஆண்கள் வளரும் முன்பே குழி பறித்து முட்டைக் காவலுக்கு நின்றுவிடுகின்றன. வளர்வதற்குச் செலவாக வேண்டிய சத்து அதில் போய்விடுகிறது. நம் கட்லா ஓராண்டில் ஒரு கிலோவைத் தொடும். இங்குள்ள குளிரில் ஒரு புளூகில் எட்டு அங்குலம் வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். அப்படி வந்த ஒன்றைப் பொரித்துத் தின்பது, காய்க்கத் தொடங்கிய தென்னையை விறகுக்கு வெட்டுவது போலத்தான். மாநிலம் முழுவதும் நாளொன்றுக்கு இருபது வரை எடுக்கலாம் என்றாலும், சில ஏரிகளில் அதைப் பத்தாகவும் ஐந்தாகவும் குறைத்திருக்கிறார்கள்.

காவல் என்றதும் உங்களுக்கு விரால் நினைவு வந்திருக்கும். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பதுபோல மிதக்க, தாயும் தந்தையும் கீழே நிற்பதைக் காட்டி, "பார்ப்போடு நிற்பதை எடுக்காதே" என்று என்னைத் தடுத்தது நீங்கள்தான். இங்கே லார்ஜ்மௌத் பாஸ் என்ற மீனின் ஆண் அதே வேலையைச் செய்கிறது. மே மாதக் கடைசி வாரம் வரை பிடித்த பாஸை விட்டுவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் விராலுக்கோ இந்த நாட்டில் பெரிய அவப்பெயர். 2002ஆம் ஆண்டு மேரிலாந்தில் ஒரு குட்டையில் சீனத்து விரால் குஞ்சு பொரித்துப் பெருகியிருப்பதைக் கண்டு மிரண்டு, அந்த ஆண்டே விரால் குடும்பம் முழுவதையும் கேடு விளைவிக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்து, உயிரோடு கொண்டுவருவதைத் தடை செய்துவிட்டார்கள். சித்தியின் குழம்புக்கு உயிர் விரால் இங்கே சட்டப்படி கிடைக்காது. மண்புழுவையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறார்கள்: இந்த வடக்குக் காடுகளில் ஆதியில் மண்புழு கிடையாதாம், அது இலைச்சருகைத் தின்று காட்டின் தரையைக் கெடுக்கிறதாம், ஆகவே தூண்டிலுக்கு வாங்கிய புழு மிஞ்சினால் கரையில் கொட்டாமல் குப்பையில் போட வேண்டும். உழவன் வீட்டுப் பிள்ளையான எனக்கு இதைச் செய்ய இன்னும் கை கூசுகிறது.

இங்குள்ளவர்கள் உயிரை விடும் மீன் வால்ஐ. நம் கடல் வாளைக்கும் இதற்கும் பெயர் ஒலியைத் தவிர உறவில்லை. மங்கலான கண்ணாடிபோல ஒளிரும் கண் உடையது. அந்தி மயங்கியதும் இரை தேடும். சதை வெள்ளையாக, முள் குறைவாக இருக்கும். இந்த ஏரியில் அது தானாகப் பெருகுவதில்லை, ஏனென்றால் முட்டையிட அலை தட்டும் சரளைக்கல் கரை வேண்டும், இங்கே எல்லாம் சேறும் கோரையும். ஆகவே துறையினர் குஞ்சு விடுகிறார்கள். அந்தக் குஞ்சை வளர்க்கும் விதம் உங்களுக்குப் பிடிக்கும்: குளிர்காலத்தில் மீன் செத்து ஒழியும் ஆழமில்லாத குட்டைகளாகத் தேடி, எதிரி மீன் இல்லாத அந்த நீரில் வசந்தத்தில் பொடிக் குஞ்சுகளை விட்டு, இலையுதிர் காலத்தில் விரல் நீளமானதும் பிடித்து ஏரிகளுக்குக் கொண்டு போகிறார்கள். வறண்ட கண்மாயில் எதிரி மீன் ஒழிந்த பிறகு குஞ்சு விடும் உங்கள் முறைதான் இது; வெயில் செய்யும் வேலையை இங்கே பனி செய்கிறது.

பனி எப்படிக் கொல்கிறது என்று கேட்பீர்கள். ஏரி உறைந்தாலும் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நான்கு அங்குலக் கட்டிப் பனி இருந்தால் மனிதர் மேலே நடந்து, துளை போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். அப்போது மட்டும் இரண்டு தூண்டில் அனுமதி. ஆனால் பனிக்கட்டியின்மேல் பொடிப்பனி கனமாகப் படிந்துவிட்டால் வெளிச்சம் இறங்காது, நீர்ப்பாசி மூச்சு விடாது, மக்கும் செடிகள் இருக்கிற காற்றையும் தின்றுவிடும். புளூகிலும் பாஸும் முதலில் போகும். பைக், பெர்ச் என்ற மீன்கள் சற்றுத் தாங்கும். பனி உருகியதும் கரையெல்லாம் வெள்ளை வயிறுகள். அடுத்த ஊர்க் குட்டையில் இந்த மாதம் அதைக் கண்டேன். நாற்றம் நம் ஊர்க் கடைசிச் சேற்றுக் குட்டையை நினைவூட்டியது. நம் விராலும் குரவையும் சேற்றுக்குள் புதைந்து வெளிக்காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். இந்த மீன்களுக்கு அந்த வித்தை தெரியாது. எங்கள் ஏரி ஆழத்தால் தப்பித்தது.

பைக் என்றேனே, அது மோட்டார் வண்டி அல்ல. வாத்து மூக்கும் நாய்ப்பல்லும் உடைய நீண்ட மீன். குட்டிப் பைக்குகள் எண்ணிக்கையில் பெருகிப்போய் மற்ற மீனின் குஞ்சுகளைத் தின்பதால், எங்கள் பகுதியில் 2018 முதல் ஒரு விசித்திர விதி: நாளொன்றுக்குப் பத்து எடுக்கலாம், ஆனால் 22 அங்குலத்துக்கும் 26 அங்குலத்துக்கும் இடைப்பட்டதைக் கட்டாயம் விட வேண்டும், 26க்கு மேல் இரண்டு மட்டும். சிறியதை விட்டுப் பெரியதை எடுப்பதே முறை என்று வளர்ந்த எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது. பெரிய மீனில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றோடு வந்து நீரில் சேரும் பாதரசம், வேட்டையாடும் முதிர்ந்த மீன்களின் உடம்பில் ஏறி நிற்கிறது. கருவுற்றவர்களும் குழந்தைகளும் அவற்றைக் குறைத்து உண்ணச் சொல்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டுச் சட்டியில் சிறிய மீன்தான்.

வால்ஐக்கும் பைக்குக்கும் மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை பருவம் திறக்கிறது. என் கணிப்பைக் கேட்டால், இந்த ஆண்டு புளூகில் கைக்கு வந்துகொண்டே இருக்கும், அளவு ஏமாற்றும். கிராப்பி என்ற வெள்ளி மீன் நீர் சூடேறும் முதல் வாரங்களில் கோரை ஓரத்துக்கு வரும்போது நன்றாகக் கிடைக்கும். பாஸ் நல்ல பருமன், ஆனால் விட்டுவிட வேண்டியது. வால்ஐ, முந்தைய ஆண்டு விட்ட குஞ்சு பிழைத்திருந்தாலும் தட்டுக்கு வர இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். குத்தகைக்கு எடுக்கத் தகுந்த ஏரி இல்லை. நீங்கள் நேரில் பார்த்தாலும் இதையேதான் சொல்வீர்கள்.

நம் கண்மாயில் இந்த ஆண்டு ஊர் கூடி மீன் பிடிப்பது எப்போது என்று தேதி முடிவானதும் சொல்லுங்கள். அன்று யாராவது கரையில் நின்று படம் பிடித்து அனுப்பினால் பிள்ளைக்குக் காட்டுவேன். ஏரியில் உள்ள மீனெல்லாம் ஒரே நாளில் வெளியே வரும் என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. விரால் எத்தனை விழுந்தது என்பதை மட்டும் தனியாக எண்ணி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்