ஏவுகணை வகுப்பில் வேத வசனம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் படையில் உலக முடிவு நம்பிக்கைகளின் செல்வாக்கு குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். இது நேற்று முளைத்த சங்கதியல்ல. கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் விமானப்படைத் தளத்தில், அணு ஏவுகணை அதிகாரிகளுக்குப் படைக் குருமார் நடத்திய ஒழுக்கநெறி வகுப்பில் பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து, கிறிஸ்து நீதியாய் யுத்தம்பண்ணுகிறார் என்னும் 19:11-ஆம் வசனத்தைக் காட்டியிருக்கிறார்கள். செய்தி வெளியான பிறகே, 2011-இல், வகுப்பு நிறுத்தப்பட்டது.

நானும் சபைக்குப் போகிறவன்தான். 1991 வளைகுடாப் போரின்போது எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் கரும்பலகையில் ஈராக்கை வரைந்து, 'பாபிலோன்' என்று எழுதி, உலக முடிவுப் போர் நடக்கும் இடமாகப் பைபிள் சொல்லும் அர்மகெதோனுக்கு அம்புக்குறி போட்டார். போர் முடிந்ததும் வேறு நாட்டை வரைந்தார். சரி, கரும்பலகையை அழித்துவிடலாம்; ஏவிய ஏவுகணையைத் திரும்ப அழைக்க முடியுமா? குருமார் வீரர்களின் ஆறுதலுக்கு இருக்கட்டும். அணு ஆயுதப் பயிற்சியைப் போர்ச் சட்டம் கற்ற ஆசிரியர்களிடம் மட்டும் விட வேண்டும்.

- ஒரு வாசகர், நாகர்கோவில்